க்ளெபோனுக்கு ஒரு கிளை

மத்தியானம் வகுப்பு முடிந்து வந்தால், கொல்லையில் என் பைன் கிளை எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் விளக்குமாறோடு இபு சர்ஜினா. நாங்கள் ஏழு மாணவிகள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர்; இங்கே இபு என்றால் அம்மா.

"அது குப்பை இல்லை இபு. என் பாம்போட கிளை."

"தெரியும்," என்றார். நெருப்பை ஒரு கிளறு கிளறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெரியுமாம்.

க்ளெபோன் என் மலைப்பாம்புக் குட்டி. இங்கே க்ளெபோன் என்று விற்கும் இனிப்பு உருண்டை மாதிரியே சுருண்டு கிடப்பதால் அந்தப் பெயர். இரண்டு நாளாய் அதன் கண்ணில் பால் படர்ந்தது போலிருந்தது. தோல் உரிக்கப் போகிறது. உரசிக்கொள்ளச் சொரசொரப்பாய் ஒரு கட்டை இல்லாவிட்டால் தோல் பாதியில் ஒட்டிக்கொள்ளும். போன தடவை வால் நுனியே போயிருக்கும். அதற்காகத்தான் காலியுராங் மலைவரை போய் அந்தக் கிளையைத் தேடி எடுத்து வந்தேன். பெட்டிக்குள் வைக்குமுன் அறை வாசலிலேயே சாத்தி வைத்திருந்தேன். அறையே கமகமத்தது.

இபுவுக்குப் பாம்பென்றாலே ஆகாது. என் அறை வாசலைத் தாண்டியதில்லை. "உன் கயிறு சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்பார். நேற்றுகூட வாசலில் நின்று, "லிந்தாங், அந்தக் கட்டை..." என்று ஆரம்பித்தார். விடுவேனா? இயற்கை மரம், உயிர்களின் உரிமை, பயம் வேறு வெறுப்பு வேறு என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே போனவர் செய்த வேலை இது.

உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினேன். மற்ற ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். க்ளெபோனைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்ளும் தெஸ்யாகூட.

கடிதத்தோடு சமையலறைக்குப் போனேன்.

அடுப்பில், விசேஷ நாளில் மட்டும் பரணிலிருந்து இறக்கும் பெரிய சோற்றுப் பானை. அதற்குள்ளிருந்து ஒரு கொய்யாக் கிளை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பக்கம் கொதிச்சாச்சு, இப்ப மறுபக்கம்," என்றார் இபு, திரும்பாமலே. "உள்ள இருக்கிற பூச்சி, முட்டையெல்லாம் சாகணுமாம். நம்ம மரந்தான், மருந்தே அடிக்காதது. கூர் முனையெல்லாம் தேய்ச்சிட்டேன். ரெண்டு நாள் நல்லா வெயில்ல காயட்டும். அதுவரைக்கும் உன் கயிறு தாங்குமில்ல?"

"யார் சொன்னா இதெல்லாம்?"

"பறவைச் சந்தையில பாம்பு விக்கிறவன். காலையில போய்க் கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்டேன். நேத்து அந்த வாசனையில எனக்கே தலை வலிச்சுது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அது என்ன பண்ணும்? பைன் பிசின் பாம்புக்கு மூச்சைக் கெடுத்துடுமாம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே இபு."

"நேத்தே சொல்லத்தானே வந்தேன். நீ எங்க பேச விட்டே?"



இபு இப்போதுதான் திரும்பினார். "கையில என்ன பேப்பர்?"

ஏழு கையெழுத்தும் உள்ளே போகும்படி நாலாய் மடித்தேன்.

"கிளை சுடுமே இபு. பிடிச்சுத் தூக்கலாம்னு கொண்டுவந்தேன்."