பந்திச் சிரிப்பு

வேறொரு சாதியைச் சொல்லித்தான் அறிவழகன் அந்த மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். பொங்கலன்று கீழ்வீட்டில் விருந்து. இலையில் பாயசம் ஊற்றியபடி வீட்டுக்காரர் பேசினார்:

"முன்ன இருந்தவன் இன்ன ஆளுன்னு பொறவுதான் தெரிஞ்சது தம்பி. காலி பண்ண வச்சு, செவுத்தையெல்லாம் கழுவிவிட்டோம்."

அவர் சொன்னது அறிவழகனின் சாதியை. பந்தியில் எல்லோருக்கும் முந்தி அவன்தான் சிரித்தான். யாரோ மென்று துப்பியது வாய்க்குள் கிடப்பதுபோல அந்தச் சிரிப்பு அவனுக்கே குமட்டியது.

பக்கத்தில் அவன் மனைவி செண்பகம் இலையை மூடினாள்.

"ஏம்மா, சாப்பாடு பிடிக்கலையா?" என்றார் வீட்டுக்காரர்.

"நாங்களும் அந்த ஆளுங்கதாங்க."

பந்தியில் கைகள் அப்படியே நின்றன.

"அவ வெளையாடுறாங்க," என்ற அறிவழகன் குனிந்து, இலையிலிருந்த பாயசத்தை வழித்து வழித்துத் தின்றான்.