விலாசம் இல்லாத வீடு

ராணுவ வீரனான கணவன் தோர்பென் போஸ்னியாவில் பணியில் இருக்கும்போதே, பிர்கிட் ராணுவக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, பத்து வீடுகூட இல்லாத ஒரு கிராமத்துக்கு மகளோடு குடிவந்தாள். கேட்டவர்களிடம், குழந்தைக்கு அமைதியான இடம் வேண்டும் என்றாள்.

"தபால் பெட்டில நம்ம பேரே எழுதலியேம்மா?"

"வேணாம்டி ரிக்கே."

"அப்பாவுக்குப் போட்ட கடுதாசிலயும் விலாசம் இல்ல. அவரு எப்படிப் பதில் போடுவாரு?"

பிர்கிட் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

நாலாவது வாரம் வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது. சீருடையில் இருவர் இறங்குவதைப் பார்த்ததும், முகத்தைக்கூடப் பார்க்காமல் அவள் கதவைத் தாழிட்டாள். பழைய குடியிருப்பில் பக்கத்து வீட்டு ஹெல்லேயின் கதவையும் இப்படித்தான் இருவர் வந்து தட்டினார்கள், அவள் புருஷன் செத்த செய்தியைச் சொல்ல. வீடு தெரிந்தால்தானே வருவார்கள் என்றுதான் பிர்கிட் இங்கே ஓடிவந்திருந்தாள்.

மகளை இறுக்கிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

"இங்க யாரும் இல்ல, போயிடுங்க" என்று கத்தினாள்.

"கதவைத் திற பிர்கிட்" என்றது தோர்பெனின் குரல். "பத்து நாள் லீவுல ஒம்பது நாள் இந்த டிரைவரோட ஊர் ஊரா உன்னைத் தேடியே போச்சு. நாளைக்கு நான் திரும்பிப் போகணும்."