ஜெம்மாவின் அறை

“கதவைத் திறக்கிறியா, கோடாரியால பிளக்கட்டுமா?”

பக்கத்து வீட்டு நெவிலின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. கூடவே மரம் சிதறும் சத்தம். மீன் வறுத்துக்கொண்டிருந்த லொரெய்ன் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“வெட்டிப் போட்டாலும் வர மாட்டேன்! நானும் ஜெம்மாவும் இந்த ரூமை விட்டு நகர மாட்டோம்!” இது அவன் மனைவி ஷீனா.

லொரெய்ன் இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான கிரிம்ஸ்பிக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஷீனா தினமும் “ஜெம்மா, என் கண்ணு” என்று கொஞ்சுவதைச் சுவர் வழியே கேட்டுக் கேட்டு, முகம் பார்க்காத அந்தச் சிறுமி மேல் அவளுக்கும் பாசம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய புருஷனிடம் விலா எலும்பு உடைபட்டவள் லொரெய்ன். அன்றைக்கு ஊரான் வீட்டு வம்பு நமக்கெதற்கு என்று ஜன்னலைச் சாத்திக்கொண்ட அண்டை அயலாரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். இரும்புச் சட்டியை மீனோடு தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வாசலில் சாமான் ஏற்றும் வண்டி நின்றது. உள்ளே நுழைந்ததும் மாடிப்படியின் அடியில் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ காலை இடறியது. அதன் மேல் அப்படி ஒரு தூசி. இந்த வீட்டில் துடைக்கக்கூட ஆளில்லையா என்று சலித்தபடியே படியேறினாள்.

மேலே, மீன்துறையில் பெட்டி தூக்கி உரமேறிய கைகளால் நெவில் கோடாரியை ஓங்கிக்கொண்டிருந்தான். கதவில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

“வண்டிக்காரன் காத்துக்கிட்டிருக்கான் ஷீனா! இன்னைக்கு அந்த ரூமைக் காலி பண்ணியே ஆகணும்! அவளுக்குன்னு ஒரு ரூம் வச்சுக்க நமக்கு வக்கில்ல!”

லொரெய்ன் பின்னாலிருந்து பாய்ந்தாள். சட்டியை ஓங்கி அவன் மண்டையில் இறக்கினாள். மீன்துண்டுகள் தெறித்தன. நெவில் சுவரில் மோதிச் சரிந்தான். கோடாரி தடதடவென்று படியில் உருண்டு போனது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் அவன் கண்ணை மறைத்தது.

“பெத்த பொண்ணையாடா துரத்துறே, படுபாவி?”

“நான் துரத்தலம்மா. நகர கவுன்சில்ல வாடகை உதவியைக் குறைச்சுட்டாங்க. இனிமே ஒத்த ரூமுக்குத்தான் தருவாங்களாம். மீதியைக் கட்ட எங்கிட்ட ஏது?”

“யாருக்குக் காது குத்துறே? நானும் அந்த உதவியிலதான் குடியிருக்கேன். வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு பார்த்துத்தானே ரூம் கணக்கு போடுவாங்க? புருஷன் பொண்டாட்டிக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. ஜெம்மா இருக்கும்போது அவ ரூமை எப்படி வெட்டுவாங்க? குடிச்சுத் தீர்த்துட்டு கவுன்சில் மேல பழி போடுறியா?” சட்டியை மறுபடியும் ஓங்கினாள்.

தாழ்ப்பாள் சடாரென்று திறந்தது. ஷீனா பாய்ந்து வந்து லொரெய்னின் தலைமுடியைப் பற்றிச் சுவரில் மோதினாள். கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விட்டாள்.

“அவனை ஏண்டி அடிச்சே? உனக்கென்ன தெரியும் எங்களைப் பத்தி?”

லொரெய்னை உதறித் தள்ளினாள். கணவன் பக்கத்தில் பொத்தென்று விழுந்து, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் தலையில் அழுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

லொரெய்னுக்கு வாயில் ரத்தம் கரித்தது. காப்பாற்ற வந்தவளுக்கு இதுவா கூலி? ஆத்திரத்தோடு திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள். மூலையில் ஒரு சின்னக் கட்டில். அதன் விரிப்பு கசங்காமல் கிடந்தது. வேறு யாரும் இல்லை.

“ஜெம்மா எங்கே?”

நெவில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

“நேத்தோட ஒரு வருஷம் முடிஞ்சிருச்சும்மா. செத்தவங்களை அதுக்கு மேல கணக்குல சேர்க்க மாட்டாங்களாம்.”