மூலையில் மாட்டிய குதிரை

"இதெல்லாம் ஒரு படமா? இதைப் போய் மாட்டி வச்சிருக்காங்களே!"

அந்த ஆள் போட்ட சத்தத்தில் கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. காவலுக்கு இருந்த அம்மாவுக்குச் சுர்ரென்று வந்தது. கூடத்தைத் தன் வீடு மாதிரி பார்த்துக்கொள்கிறவள் அவள். யாராவது பலமாகத் தும்மினாலே முறைப்பாள்.

"சார், மெதுவாப் பேசுங்க."

"எப்படிம்மா மெதுவாப் பேசறது? வாசல் பக்கம் ஒரு குதிரை புழுதி கிளப்பிக்கிட்டு ஓடுதே, அது குதிரை! இது? வெறும் மூஞ்சி. சும்மா நின்னு நம்மளையே பார்க்குது."

கூடம் முழுக்க அன்று குதிரைப் படங்கள்தான். படத்துக்குக் கீழே எண் மட்டும் இருந்தது. வரைந்தவர் பெயர் தேர்வு முடிகிற வரை ரகசியம். சாயங்காலம் நிர்வாகி அம்மா ஒரு சுற்று வருவார். எந்தப் படத்தின் முன்னால் ஜனம் அதிகம் நிற்கிறதோ, அதற்குப் பெரிய கூடத்தில் நிரந்தர இடம். மற்றதையெல்லாம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

காலையிலிருந்து எல்லாரும் வாசலில் இருந்த ஓடும் குதிரையைத்தான் மொய்த்தார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில், மூலையில் மாட்டிய இந்தக் குதிரை முகத்தை ஒரு ஈ காக்கை கூடச் சீண்டவில்லை.

இதை வரைந்தவள் யார் என்று காவல்காரம்மாவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணால் ரகசியத்தைக் கட்டிக்காக்க முடியவில்லை. "என் படத்தை யாராவது பார்த்தாங்களாக்கா? முதல் தடவையா வெளிய வச்சிருக்கேன்" என்று வந்து வந்து கேட்டுவிட்டு, உள்ளே நிற்கத் தைரியமில்லாமல் தோட்டத்து பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள்.

பாவம், இந்த ஆளின் வாய் அவள் காதில் விழுந்தால் அவ்வளவுதான். காவல்காரம்மா ஓடிப்போய்த் தோட்டத்துக் கதவைச் சாத்தினாள்.

"காதைப் பாருங்க!" அவர் விடுவதாக இல்லை. "ஒண்ணு முன்னாடி நிக்குது, ஒண்ணு பின்னாடி திரும்பியிருக்கு. எந்தக் குதிரைக்காவது இப்படி இருக்குமா?"

கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கண்ணாடிக்காரர் நின்றார். "என்ன சார் பேசறீங்க? எதிர்ல இருக்கற ஆளையும் கவனிக்கும், பின்னாடி கேக்கற சத்தத்தையும் கவனிக்கும். எல்லாக் குதிரையும் அப்படித்தான்."

"சரி, மூஞ்சியில எதுக்கு இத்தனை நரம்பு?"

"ஓடி முடிச்சு வந்து மூச்சு வாங்குது சார். நரம்பு புடைக்காம என்ன செய்யும்?" இது ஒரு கல்லூரிப் பெண்.

"அப்ப கண்ணு ஏன் ஈரமா இருக்கு? அழுவுதா?"

"அழல. தெரிஞ்சவங்க யாரோ பக்கத்துல வர்றாங்க. கண்ணுக்குள்ள பாருங்க, கையில வாளியோட ஒரு ஆள் தெரியுது!" என்றாள் அவள் தோழி.

"எங்க, எங்க?"

தலைகள் முட்டிக்கொண்டன. வாசலில் நின்றவர்களும் என்ன கலாட்டா என்று இங்கே வந்தார்கள்.

காவல்காரம்மாவும் எட்டிப் பார்த்தாள். கருவிழிக்குள் கடுகளவு உருவம். காலையிலிருந்து இந்தப் படத்தைத் தாண்டித் தாண்டி நடந்தவளுக்கு இப்போதுதான் அது கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் சேர்ந்து அந்த ஆள் மேலேயே பாய்ந்தது.

"உங்க வீட்டுப் பொண்ணு வரைஞ்சிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

அவர் சாத்தியிருந்த தோட்டத்துக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "யார் வரைஞ்சா என்னம்மா? வாசல்ல இருக்கறதுகிட்ட இது நிக்க முடியுமா?" என்றார்.

"அதுல வெறும் வேகம்தான் சார் இருக்கு. இதுலதான் குதிரையே இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

கூட்டம் "அப்படிப் போடுங்க" என்றது. அந்த ஆளின் முகம் லேசாகச் சுருங்கியது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார். நிமிர்ந்ததும், "கழுத்தும் சரியில்ல" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் நிர்வாகி அம்மா வந்தபோது மூலையில் கால் வைக்க இடமில்லை. வாசல் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"இதுதான். பெரிய கூடத்துல மாட்டிடுங்க."

கைத்தட்டல் காதைப் பிளந்தது. காவல்காரம்மா தானே வரைந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக அந்த ஆளிடம் போனாள்.

"பார்த்தீங்களா? உங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டாங்க."

"பூசிட்டாங்கம்மா" என்றார் அவர். வாயெல்லாம் பல். என்ன ஜென்மமோ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் சேதி கேட்டு அந்தப் பெண் ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக நேரே வந்து அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, என் படத்தை எடுத்துட்டாங்க! ஆனா வாசல்ல உங்க குதிரைக்கு முன்னாடி காலையில அவ்வளவு கூட்டம் இருந்துச்சே, இப்ப ஒருத்தரும் இல்லையே? நீங்க எங்க போயிருந்தீங்க?"

காவல்காரம்மா திறந்த வாயை மூட மறந்தாள்.

"இங்கதான் இருந்தேன்" என்றார் அவர். "உன் படத்துக்காக எத்தனை பேர் என்கூடச் சண்டைக்கு வந்தாங்க தெரியுமா? திட்டு வாங்க வாங்க எனக்குப் பெருமை தாங்கல!"