ஜோபியில் இருந்த காது

"காதுல இருக்கிறத கழட்டி ஜோபியில போடுடா. பொண்ணு வூடு வந்துடுச்சு" என்றாள் பத்மினி.

"சொல்லிடலாம்மா."

"புத்தூர்ல சொன்ன. பலமனேர்ல சொன்ன. ரெண்டு எடத்துலயும் காப்பி கூட வரல. கல்யாணம் ஆவட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

பவன்குமார் இரண்டு காது மெஷின்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். நகரியில் அந்தத் தெரு முழுக்க பவர்லூம். இப்போது அதன் அடிச்சத்தம் மட்டும் தரை வழியாகக் காலில் ஏறியது.

கூடத்தில் பெண்ணின் அப்பா ஏகாம்பரம் எதிரே உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை. பவன்குமாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையற்கட்டில் ஏதோ விழுந்திருக்க வேண்டும். பத்மினி சட்டென்று திரும்பினாள். அவளைப் பார்த்து அவனும் திரும்பினான். ஏகாம்பரம் திரும்பவில்லை, அவனையே பார்த்தார்.

கண்டுபிடித்துவிட்டார். பவன்குமார் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான்.

காப்பி வந்தது. "ரெண்டு பேரும் மாடிக்குப் போய் பேசிட்டு வாங்க" என்றாள் பெண்ணின் அம்மா.

மாடியை ஒட்டிய ஷெட்டில் இருபது தறிகள் ஓடின. அவனுக்கு நிம்மதி. இந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் என்ன கேட்கும்? எதிரே நின்ற தரணியின் உதடுகளைப் பார்த்தான்.

"சித்தூர்ல என்ன வேலை?"

"கிரானைட் பேக்டரி. எட்டு வருஷமா கல்லு அறுக்கிறேன். நீங்க?"

"திருப்பதியில மெடிக்கல் ஷாப்பு. தினம் ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். காப்பி எப்படி?"

"நல்லா இருந்துச்சு."

"பொய்யி. சக்கரை போட மறந்துட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். ஒரு சொல்கூட அவனுக்கு நழுவவில்லை. யாருடைய பேச்சும் இத்தனை சுலபமாகப் புரிந்ததில்லை.

இன்னொரு பொய்யை இவளிடம் சொல்ல அவனால் முடியவில்லை. மெஷின்களை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"எனக்குக் காது சரியா கேக்காது. காதுக்குள்ள நத்தைக் கூடு மாதிரி ஒண்ணு இருக்குது. அதுல சன்னமா முடி. சத்தம் பட்டு அது ஆடினாத்தான் கேக்கும். கல்லு அறுக்கிற சத்தத்துல வாசல் பக்கத்து முடியெல்லாம் செத்துடுச்சு. கீச்சுனு வர்ற சத்தமெல்லாம் அங்கதான் கேக்கணும். 'சீப்பு'ன்னா எனக்கு 'ஈ... உ'தான். திரும்ப மொளைக்காதாம், டாக்டர் சொல்லிட்டாரு."

"தலையில மொளைச்சிருக்குதே, போதும்."

அவன் சிரிக்கவில்லை. "அம்மாதான் மறைக்கச் சொன்னாங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"மொதல்ல அத மாட்டுங்க."

மாட்டினான். தறிகள் இடியாக உள்ளே நுழைந்தன. அடுத்த நிமிடம் கரண்ட் போனது. தெரு மொத்தமும் அடங்கியது.

தரணியின் உதடுகள் அசைந்தன. "எனக்குச் சம்மதம்."

பார்த்தான். ஆனால் கேட்கவில்லை. பதறிப்போய் மெஷினைத் தட்டினான். எங்கோ ஒரு காகம் கரைந்தது. அது நன்றாகக் கேட்டது.

தரணி சிரித்தாள். அதுவும் கேட்டது.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. தறி சத்தத்துல கத்தினாலும் கேக்காதுன்னு மேல வந்ததுலேர்ந்து நான் வாய மட்டும்தான் அசைச்சேன், சத்தமே விடல" என்றாள், இப்போது குரலோடு. "முப்பது வருஷமா தறி ஓட்டுற எங்க நைனாகிட்ட வூட்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். கீழ உங்க வாயையே பாத்துக்கினு இருந்தாரே, நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு அவருக்கு ஒரே பயம்."