எதில் அதிகம்

ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் சமமாக நின்றது. டீச்சர் அதில் ஒன்றை எடுத்து, ஒல்லியான நெட்டை டம்ளருக்குள் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றினார்.

"இப்ப எதுல பாப்பா தண்ணி அதிகம்?"

பாப்பா என்று டீச்சர்தான் கூப்பிடுகிறார். வீட்டில் அவள் பெரியவள். வயது ஆறு.

பெரியவள் இரண்டு டம்ளரையும் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"இந்த நெட்டையிலதான்."

சற்று முன்னால் அதே தண்ணீர் குட்டை டம்ளர்களில் இருந்தபோது, ரெண்டும் ஒண்ணுதான் என்று இதே வாய்தான் சொன்னது.

அம்மா, பிள்ளைகளுக்கென்று செய்த குட்டி நாற்காலியில் பாதி உடம்பை வைத்து, மீதியைக் காலில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். கட்டிடத்தில் சித்தாள் வேலை. எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் சிமெண்ட் போகவில்லை. அரை நாள் விடுப்புக் கேட்டதற்கு மேஸ்திரி எல்லார் முன்னாலும் சிரித்தான். "உன் மக எஞ்சினியராகி வந்து என்னை வேலை வாங்கப் போறாளாக்கும்?"

"வாங்குவா. முதல்ல உன்னைக் குளிச்சுட்டு வரச் சொல்லுவா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இவளும் வந்தாள்.

எஞ்சினியர் எல்லாம் அப்புறம். இப்போதைக்கு ஒன்றாம் வகுப்பு கிடைத்தால் போதும். அதில் சேர்ந்துவிட்டால் சாயங்காலம் வரை பள்ளிக்கூடம். சின்ன வகுப்பென்றால் மத்தியானத்தோடு விட்டுவிடுவார்கள். மிச்சப் பொழுதுக்குப் பெரியவளுக்குக் கட்டிடத்து மணல் குவியல்தான். போன வாரம் மேல்தளத்திலிருந்து சாரக்கட்டை ஒன்று விழுந்து, அந்த மணலில் செங்குத்தாகக் குத்தி நின்றது. பெரியவள் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவ்வளவுதான்.

டீச்சர் நல்ல மாதிரி. குரலை உயர்த்தாமல், சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். மாடிப்படி போல வரைந்து, படிக்கு ஒரு பிள்ளையை நிறுத்தியிருந்தது.

"புத்தி வளர்றதும் இப்படிப் படிப்படியாத்தாம்மா. முதல் படியில இருக்கிற பிள்ளைங்க கண்ணு சொல்றதை அப்படியே நம்பும். திருப்பி ஊத்தினா பழையபடி ஆயிடுமேன்னு மனசுல ஓட்டிப் பார்க்க வராது. அது வராம கூட்டல் கழித்தல்ல உக்கார வச்சா பிள்ளைதான் திணறும். இன்னும் ஒரு வருஷம் சின்ன வகுப்புல இருக்கட்டுமே."

ஒரு வருஷம். அம்மாவின் கண்ணுக்குள் சாரக்கட்டைதான் நின்றது.

இவளுக்கா ஓட்டிப் பார்க்க வராது? தம்பி அழுதால் அவன் செருப்பைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா டாக்டர், ஊசி வேணாம் டாக்டர்" என்று ஃபோன் பேசிச் சிரிக்க வைக்கிறவள்.

"ஒண்ணுதான்னு சொல்லுடி. ஊத்தினதை நீயும்தானே பார்த்தே?"

"நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாதும்மா" என்றார் டீச்சர்.

பெரியவள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். நீயா இதைச் சொல்கிறாய் என்பது போல. பிறகு இன்னும் அழுத்தமாக, "நெட்டையிலதான் அதிகம்" என்றாள்.

அம்மா எழுந்துவிட்டாள். மகளை வராந்தாவில் போய் நிற்கச் சொல்லி, அவள் போன பிறகு டீச்சர் பக்கம் குனிந்தாள்.

"அவ மேல குத்தமில்ல டீச்சர். நான் கெடுத்தது அது."

சின்னவன் பிறந்ததிலிருந்தே நோஞ்சான். பாலை நிறுத்தாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாங்குகிற பால் இரண்டு வாய்க்குக் காணாது. அதனால் காலையில் முக்கால்வாசியை அவன் கிண்ணத்தில் ஊற்றிவிடுவாள். அகலக் கிண்ணம், அடியில்தான் கிடக்கும். மிச்சத்தை ஒல்லி டம்ளரில் விளிம்பு வரை ஊற்றிப் பெரியவளிடம் நீட்டுவாள். பாரு, தம்பியைவிட உனக்குத்தான் அதிகம். பெரியவளும் அதைத் தம்பியிடம் ஆட்டி ஆட்டிக் காட்டிவிட்டு, ராணி மாதிரி குடிப்பாள்.

"நெட்டைன்னா அதிகம்னு தினம் தினம் சொல்லி வளர்த்தவ நானு. அவளை வச்சுக்கிட்டு இதை எப்படிச் சொல்லுவேன்? தெரிஞ்சா அப்புறம் அந்தப் பால் அவ தொண்டையில இறங்குமா?"

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"பெத்தவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்கக் கூடாதுன்னு பயிற்சியில எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினாங்க. பிள்ளை பயந்துடுமேன்னு நான்தான் உங்களை உக்கார வச்சேன். நீங்க இங்கயே இருங்கம்மா."

குட்டை டம்ளரையும் நெட்டை டம்ளரையும் தட்டில் வைத்துக்கொண்டு அவர் மட்டும் வராந்தாவுக்குப் போனார்.

கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா அதன் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தப்பாகச் சொன்னால் ஒரு வருஷம் மணலில். சரியாகச் சொல்ல அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார்.

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் எதையோ கோரஸாகக் கத்திக்கொண்டிருந்தன.

"அம்மாவுக்குக் கேக்குமா டீச்சர்?"

"கேக்காது. சொல்லு."

பெரியவளின் குரல் இன்னும் இறங்கியது.

"ரெண்டும் ஒண்ணுதான். எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."