அடுக்களை வாசலிலிருந்து ஓர் ஆமென்

"நான் பெருமைக்காரன், ஆண்டவரே," என்று ஜெபித்தார் அண்ணாச்சி.

"ஆமென்."

ஒற்றைக் குரல். அடுக்களை வாசலிலிருந்து வந்தது.

கண்ணை மூடியிருந்தும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சொர்ணம். அவர் மனைவி.

இந்த வாரம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். கூடம் நிறைய ஆட்கள் முழங்காலில் இருந்தார்கள். மூட்டுவலிக்காரி சொர்ணம் மட்டும் எப்போதும் வாசல் நிலையில் சாய்ந்து நிற்பாள்.

பாவ அறிக்கை செய்கிற இடத்தில் யாரும் ஆமென் சொல்வதில்லை. "இயேசுவே" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள், அவ்வளவுதான். ஆமென் எல்லாம் ஆசீர்வாதம் கேட்கும்போது. சபையில் பச்சைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஏதோ ஞாபகப் பிசகு என்று நினைத்து மேலே போனார்.

"ஒன்றுக்கும் உதவாத புழு நான். இருதயம் கல்லாய்ப் போனவன்."

"ஆமென்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அவருக்குக் காது மடல் சுட்டது.

ஊரில் புது வீட்டுப் பால் காய்ப்பானாலும் சரி, பிள்ளைக்குப் பெயர் வைப்பதானாலும் சரி, "அண்ணாச்சி ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்பார்கள். அதிலும் அவர் தன்னைத் தாழ்த்திப் பேசும் பகுதிக்குத்தான் மவுசு. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இத்தனை வருடமாய்த் தன்னைப் புழு என்று சொல்லிவந்த மனிதருக்கு, ஒருத்தி அதை ஒப்புக்கொண்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடியட்டும், வச்சுக்கிறேன் இவளை.

நினைத்த பிறகுதான் திடுக்கிட்டார். ஜெபத்துக்கு நடுவில் அல்லவா அதை நினைத்தார்.

அன்று மத்தியானம் சொர்ணத்தின் அண்ணன் எபனேசர் வந்திருந்தார், மகள் கல்யாணப் பத்திரிகையோடு. தங்கை புருஷன் கையில் நேரில் கொடுத்தால்தானே முறை. இவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெபத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். சொர்ணமும் போய்ச் சொன்னாள். அண்ணன் காத்திருந்தார். மீன் குழம்பு ஆறிப்போனது. கடைசியில் அவர் தங்கையிடம் சொன்னது கதவு வழியே கேட்டது.

"ஜெபத்துல இருக்கவரைக் கலைக்க வேண்டாம் பிள்ள. நான் பொறவு வாரேன்."

பத்திரிகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

உள்ளே இவர் கட்டிலில் மல்லாந்து, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மச்சான் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு வேறொருவரை ஜெபம் பண்ணச் சொன்னாராம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்த சொர்ணம் ஒரு பார்வை பார்த்தாள். பத்திரிகை வாங்காத கல்யாணத்துக்கு இவர் போகமாட்டார். இவர் போகாமல் அவள் மட்டும் எந்த முகத்தோடு போய் நிற்பாள்?

இப்போது ஜெபத்தில் அடுத்த வார்த்தை வரவில்லை.

தேடிப் பார்த்தார். வழக்கமாகக் கைகொடுக்கும் புழுவும் மண்ணும் சாம்பலும் எங்கோ போய்விட்டிருந்தன. அவருடைய மௌனத்தைக் கேட்டு முன்னால் ஒருவர் உருகி விசும்ப ஆரம்பித்தார். அது அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"ஆண்டவரே."

கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தார்.

"மத்தியானம் மச்சான் வந்திருந்தாவ. நான் ஜெபத்துல இல்ல. சும்மா படுத்துக் கெடந்தேன்."

ஆமென் வரவில்லை.

காத்திருந்தார். அந்த ஒரு குரலுக்காகத்தான் காத்திருந்தார்.

பிறகு சேலை உரசும் ஓசை கேட்டது. யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகியபடி, அவர் பக்கத்தில் மெல்ல முழங்காலிட்டார்கள். மீன் குழம்பு வாசனை அடித்தது.

காதோரமாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொர்ணம் சொன்னாள்.

"மிச்சத்தையும் சொல்லிருங்க."